மூணு பேஸ் டீச்சர்

மின்சாரம் தொட்டால்தான் அடிக்கும். எங்கள் தெரு மூணு பேஸ் டீச்சர் தொடாமலேயே அடிப்பார். தூத்துக்குடியில் அவரிடம் திட்டு வாங்காத மின்கம்பம் கிடையாது. மனிதர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவர் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறுவதாகத் தெரியவில்லை.

நாசரேத் பக்கத்துக்காரர். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, எங்கள் எதிர்வீட்டில் தனியாக இருக்கிறார். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவருக்குக்கூட அது தெரியாது. ஓய்வு பெற்றவர்கள் ரோஜாச் செடி வளர்ப்பார்கள், பூனை வளர்ப்பார்கள். இவர் எங்களை வளர்க்க ஆரம்பித்தார்.

ஒருமுறை கம்பத்தில் ஏதோ வேலை நடந்த பிறகு, எதிர் வரிசை பெயிண்ட் கடை அண்ணாச்சி வீட்டில் மோட்டார் ஓடியது, தண்ணீர் வரவில்லை. அண்ணாச்சி இன்னும் ஆழமாகப் போர் போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். டீச்சர் போனார், சத்தத்தைக் கேட்டார், சிரித்தார்.

"அண்ணாச்சி, தண்ணி அங்கனதான் இருக்கு. உங்க மோட்டாருதான் பின்னால பாத்துச் சுத்துது. மூணு வயர்ல ரெண்டை மாத்திக் குடுத்தா நேரா சுத்தும்."

மாற்றிக் கொடுத்தார். தண்ணீர் கொட்டியது. அண்ணாச்சி கும்பிட்டார். மறுநாள் லைன்மேன் வந்து, கம்பத்தில் கம்பிகளை வரிசை மாற்றிக் கட்டிவிட்டோமே என்று அதைச் சரிசெய்துவிட்டுப் போனார். மோட்டார் மறுபடியும் பின்னால் சுற்ற ஆரம்பித்தது. "டீச்சர் கை வச்ச பொறவுதான் மோட்டார் கெட்டுது" என்று அண்ணாச்சி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் டீச்சருக்கும் தெருவுக்கும் உண்மையான சண்டை குமிழ் விஷயத்தில். எங்கள் தெருவுக்கு வருவது மூன்று பேஸ் கம்பிகள்: சிவப்பு, மஞ்சள், நீலம், டீச்சர் வாயில் ஆர், ஒய், பி. கூடவே நியூட்ரல் என்று நான்காவது ஒன்று. ஒவ்வொரு வீட்டிலும் மீட்டர் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். ஒரு பேஸில் கரண்ட் போனால் குமிழைத் திருகி அடுத்த பேஸுக்கு மாறிக்கொள்ளலாம். போன மறுநொடி தெரு முழுக்க டக், டக், டக் என்று கேட்கும். எல்லாரும் மிச்சமிருக்கும் பேஸில் கடைசி பஸ்ஸில் ஏறுவது மாதிரி ஏறுவோம். பாரம் தாங்காமல் அதுவும் போகும். உடனே மூன்றாவதற்குத் தாவுவோம். டீச்சர் தெரு நடுவில் நின்று, "திருகாதீங்க! ஒருத்தரும் திருகாதீங்க!" என்று கத்துவார். அவர் கத்துவதை வைத்தே கரண்ட் போனதைத் தெரிந்துகொண்டு திருகியவர்களும் உண்டு.

கரண்ட் திரும்பி வந்த பிறகு யாராவது குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பினார்களா என்றால், இல்லை. லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, பிறகென்ன? கடைசியாகக் கரண்ட் போனபோது ஆர் மட்டும் தாக்குப்பிடித்ததால், தெருவே ஆரில் குடியேறிவிட்டது.

பாரத்தை மூன்று பேஸுக்கும் சமமாகப் பிரிக்க டீச்சர் சாக்பீஸோடு கிளம்பினார். வீட்டுக்கு வீடு சுவரில் ஆர், ஒய், பி என்று எழுதிக்கொண்டே வந்தார். அண்ணாச்சி வாசலில் மறித்தார்.

"என்ன டீச்சர், சொட்டு மருந்து குடுக்க வந்தியளா?"

"ஆமா, உங்களுக்குத்தான். வாயைத் திறங்க. ஏசி எத்தனை?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"உங்களுக்கு ஒய். இன்னைக்கே குமிழைத் திருப்பிருங்க."

அண்ணாச்சி தலையாட்டினார். திருப்பவில்லை. யாரும் திருப்பவில்லை. எனக்கு பி என்று எழுதியவர், என் தலையாட்டலை நம்பாமல் நேராக உள்ளே வந்து தாமே திருகிவிட்டுப் போனார். கேட்டாரா? கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினார், அதோடு சரி. ஆக, பி பேஸில் இருந்தது இரண்டே வீடு. ஒன்று அவருடையது, இன்னொன்று என்னுடையது.

இவர்களுக்குச் சொன்னால் புரியாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தே காட்டினார். சமையலறையிலிருந்து பானை வைக்கும் பிரிமணையைக் கொண்டுவந்து அதில் மூன்று கயிறு கட்டி, தெருவில் அகப்பட்ட மூன்று ஆண்களிடம் மூன்று பக்கமும் இழுக்கச் சொன்னார். அதில் அண்ணாச்சியும் ஒருவர். நான்காவது கயிற்றைக் கம்பத்தில் கட்டினார்.

"மூணு பேரும் ஒரேபோல இழுத்தா பிரிமணை நடுவுலயே நிக்கும். நாலாவது கயித்துக்கு வேலையே இல்ல. ஒருத்தர் மட்டும் கூட இழுத்தா, அந்தப் பாரத்தை நாலாவதுதான் தாங்கும். அதுதான் நியூட்ரல். ஏ அண்ணாச்சி, கொஞ்சம் பலமா இழுங்க!"

அண்ணாச்சி இழுத்தார். நான்காவது கயிறு விறைத்தது. டீச்சர் கத்தரிக்கோலால் அதை வெட்டினார். பிரிமணை பறந்தது. அண்ணாச்சி சாக்கடையில் மல்லாந்தார்.

"பாருங்க! நியூட்ரல் போனா இதுதான் நடக்கும். எல்லாம் ஒரு பக்கமா ஓடும். கூட இழுத்தவனுக்கு வோல்டேஜ் கொறையும், சும்மா நின்னவனுக்கு ஏறும்!"

யாருக்குக் கேட்டது? தெருவே அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நானும்தான்.

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

என் மகள் அபி நாலாவது படிக்கிறாள். அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. இந்த ஊர்க் காற்றில் ஒரு நாள் உப்பு, ஒரு நாள் தூசி. எதுவாக இருந்தாலும் அவளுக்கு ஆகாது. அவள் அப்பா கப்பலில் வேலை பார்க்கிறார். எனக்குப் பேங்கில் வேலை. அன்று நான் வந்து சேரும்போதே அபிக்கு விசில் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. நெபுலைசரை மாட்டி உட்காரவைத்தேன். ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் லைட் வெள்ளைவெளேரென்று ஏறியது. மெஷின் சத்தம் கிரீச்சென்று மாறியது. எதிரே டீச்சர் தம் வீட்டு வாசலிலிருந்து கத்தினார்.

"ஏளா சுதா! மெயினை அமத்து!"

வழக்கமான பாடம் என்று நினைத்து நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருவைக் கடந்து ஓடி வந்தார். செருப்புக்காலோடு உள்ளே நுழைந்து மெயினைக் கீழே இழுத்தார். வீடு இருண்டது. மெஷின் நின்றது.

"டீச்சர்! பிள்ளைக்கு மெஷின் ஓடுது!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அமத்துனிய?"

"தெரிஞ்சுதான் அமத்துனேன். போர்டுகிட்ட வந்தேன்னா கையை ஒடிச்சிருவேன்."

போனேன். இரண்டு கையையும் விரித்து மீட்டர் போர்டை மறைத்துக்கொண்டு நின்றார். கையைப் பிடித்து இழுத்தேன். என் தோளுயரம்தான் இருப்பார்; அசைக்க முடியவில்லை. இருட்டில் அபியின் மூச்சு மட்டும் கேட்டது. அப்போது நான் டீச்சரைச் சொன்ன வார்த்தைகளை எந்தப் பத்திரிகையும் போடாது.

"திட்டுததை அப்புறம் திட்டு. மூச்சுக்கு அடிக்கிற பம்ப் எங்க? டாக்டர் எழுதிக் குடுத்தாருன்னு சொன்னேல்லா?"

"அது போதாது டீச்சர், மெஷின்தான்…"

"எடுளா அதை!"

கைப்பையில் இருந்தது. செல்போன் வெளிச்சத்தில் குழாயோடு சேர்த்து அபி வாயில் வைத்தேன். டீச்சர் போர்டை விட்டு நகரவில்லை. என்னை நம்பவில்லை. அங்கே நின்றபடியே அபியைப் பார்த்துச் சொன்னார்.

"அபி மக்களே, டீச்சரைப் பாரு. மெதுவா இழு. அப்படியே வச்சுக்க. இப்ப விடு."

எதிர்வீட்டில் பட்டென்று ஏதோ வெடித்தது.

"அது என் ஃபிரிட்ஜ்," என்றார், வருகைப் பதிவு எடுக்கிற குரலில். "இழு மக்களே."

இன்னொரு பட்.

"டிவி. இப்ப விடு. நல்லா விடு."

பிறகு ஒரு கருகல் வாடை தெருவைத் தாண்டி வந்தது. "வாஷிங் மெஷின்," என்றார். "இன்னொரு தடவை இழு. எங்க, என் கெட்டிக்காரி!"

அபியின் விசில் மெல்ல இறங்கியது. அப்போதுதான் நான் தரையில் உட்கார்ந்தேன்.

லைன்மேன் வந்து பார்த்தபோது, கம்பத்தில் நியூட்ரல் இணைப்பு உப்புக்காற்றில் வெள்ளையாகப் பூத்து, ஒரு பக்கப் பாரத்தில் சூடேறி அறுந்திருந்தது. தெருவே உட்கார்ந்திருந்த ஆர் பேஸில் லைட் மங்கியதோடு சரி. அண்ணாச்சி அப்போது தூங்கிக்கொண்டிருந்தாராம். வோல்டேஜ் எகிறி எரியவேண்டியது பி பேஸில் இருந்த இரண்டு வீடும். சொன்னபடி கேட்ட இரண்டு வீடு! இது எந்த ஊர் நியாயம்?

மறுநாள் அண்ணாச்சி தெருவில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பாத்தியளா? டீச்சர் பேச்சைக் கேட்டா இதுதான். டீச்சர் வீடே அவுட்டு!"

அது உண்மை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று அண்ணாச்சி வீட்டுக்குள் போய்க் குமிழைத் திருகினேன்.

"ஏம்மா, என் வீட்டுக்குள்ள வந்து என்ன பண்ணுதிய?"

"உங்க சுவத்துல என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?"

"ஒய்."

"அப்ப ஒய்ல இருங்க. என் பிள்ளை செத்தாத்தான் திருப்புவியளா?"

அடுத்த வீட்டுக்குப் போனேன். அதற்கடுத்த வீட்டுக்கும். சில வீடுகளில் நான் வாசலுக்கு வரும் முன்பே உள்ளே டக் என்று கேட்டது.

கடைசியாக டீச்சர் வீட்டுக்குப் போனேன். கருகிய வயர்களை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். நன்றி சொல்லத்தான் போனேன். சண்டைதான் வந்தது.

"உங்க மெயின் வாசல்லதானே இருக்கு? அதை அமத்திட்டு வந்தா என்ன டீச்சர்?"

"நேரம் இல்லளா."

"தெருவைத் தாண்டி ஓடி வர நேரம் இருந்துச்சு, கையை நீட்ட நேரம் இல்லையா? ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கியளே, உங்களுக்கு அறிவு வேண்டாமா?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தப்பான விடை எழுதியவளைப் பார்க்கிற பார்வை.

"எங்க வீட்டுல இருந்தது சாமான்லா, சுதா."

சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அன்று முதல் அவருடைய பாலும் மீனும் எங்கள் ஃபிரிட்ஜில் இருக்கின்றன. கதவை ஏன் இத்தனை முறை திறக்கிறாய் என்று எனக்கே திட்டு விழுகிறது. என் ஃபிரிட்ஜைத் திறந்ததற்கு என்னையே திட்டுகிறார்!

அவர் புது ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டார். நன்றாகத்தான் ஓடுகிறது. பால் இன்னும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. நான் அதைப் பற்றி அவரிடம் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.