எறகு சார் வைத்த படக் கண்காட்சி

ஐம்பதுகளில் திருவள்ளூர் பக்கத்தில் எறகு சார் கிச்சுகிச்சு மூட்டாத மனிதரே கிடையாது.

தொழுநோய் பார்க்க வந்த சுகாதார இலாகாக்காரர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் கோழி இறகு. யார் மேலாவது வெளிறிய தேமல் தெரிந்தால் போதும், கண்ணை மூடச் சொல்லி இறகால் தடவுவார். கூசினால் வெறும் தேமல். உணர்வே இல்லையென்றால் மாத்திரை. ஆள், இடம் எதுவும் பார்க்கமாட்டார். மணவறையில் ஒரு மாப்பிள்ளையின் கழுத்தை இவர் தடவ, தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை புழுவாய் நெளிந்ததை நானே பார்த்தேன்.

அதனால் அவர் சைக்கிள் மணி கேட்டதும் திருப்பாச்சூரில் கதவுகள் சாத்திக்கொள்ளும். குஷ்டம் என்று பேர் வந்துவிட்டால் தட்டு தனி, பாய் தனி, கடைசியில் ஆளே தனி. யார் காட்டுவார்கள்?

அதனால் சார் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். வீட்டில் இருப்பவர்களை வரையுங்கள், அவர்கள் உடம்பில் இருப்பதில் எதையும் விடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். அடுப்புக்கரி, மஞ்சள், செங்கல் தூள் எல்லாம் வண்ணமாயின. ஞாயிற்றுக்கிழமை பள்ளித் தாழ்வாரத்தில் கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டார். அதைக் காட்டியே நோயைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு.

தன் முகத்தைப் பார்க்க ஊரே வந்தது. பிள்ளைகளும் எதையும் விடவில்லை. மதுவிலக்குக் காலம், ஒருவன் அப்பாவோடு சேர்த்து, வைக்கோற்போரில் ஒளித்திருந்த கள்ளுப்பானையையும் வரைந்திருந்தான். "இன்னா சார், பானையுமா எங்க ஒடம்புல இருக்குது?" என்று அந்த அப்பா படத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவோடு நானும் போயிருந்தேன். அவள் மகள் கஸ்தூரியின் படத்தில், அம்மாவின் முழங்கைக்கு மேல் சுண்ணாம்பால் ஒரு வட்டம். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். அவள் மாமியார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி அக்கா பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வரவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

சார் எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னார். முதலில் மாமியார். இறகு பட்டதும் குழந்தைபோலச் சிரித்துவிட்டார். அடுத்து அக்கா. கண்ணை மூடிக்கொண்டாள். சார் தடவினார். மறுபடியும் தடவினார்.

"எப்ப சார் தடவப் போறீங்க?" என்றாள் அக்கா.

சார் இறகைச் சட்டைப் பையில் செருகினார்.

"ஆரம்பந்தாம்மா. மாத்திரைய விடாம துன்னா அடங்கிடும்" என்றார் சார். "அத வுடு. காத்தாலேர்ந்து நாஷ்டா துன்னல. உங்க ஊட்ல இன்னா இருக்குது?"

பழைய சோறு இருந்தது. சார் வந்து நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கரண்டி வேண்டாம், உன் கையாலேயே பிசைந்து உருட்டிப் போடு என்றார். வாசலில் ஊர் நின்று பார்க்க, இவர் பஞ்சத்தில் அடிபட்டவர்போல வாங்கி வாங்கி விழுங்கினார். சட்டி பாதியானபோது மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"எனக்கும் ஒரு உருண்ட போடுடி. வுட்டா எல்லாத்தயும் இந்தாளே துன்னுகினு பூடுவாரு."

அக்காவுக்கு நோய் அடங்கியது, சில வருஷங்களில் மாத்திரையும் நின்றது. சார் நிற்கவில்லை. மாதாமாதம் 'செக்கப்' என்று சோற்று வேளைக்குச் சரியாக வந்துவிடுவார். என்றைக்காவது தாமதமானால், மாமியார்தான் தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.