ஏழாம் நம்பர் சொன்ன பொய்

காலை ஒன்பதே காலுக்குத் குளிரறை வாசலில் தாய்ப்பெட்டி அலறத் தொடங்கியது. பூக்கிடங்கு மேஸ்திரி ஓடிவந்து அதன் திரையைப் பார்த்தார்.

குளிரறைக்குள் நானூறு கூடை ரோஜா மொட்டு. அந்த அறைக்கென்று தீப்பெட்டி அளவில் பத்து சென்சார் பெட்டிகள். கம்பி கிடையாது. உள்ளே எத்தனை டிகிரி என்று காற்றிலேயே தாய்ப்பெட்டிக்குச் சேதி சொல்லும். ஒன்பது பெட்டிகள் நாலு என்றன. ஏழாம் நம்பர் மட்டும் இருபத்து நாலு என்றது.

திறந்து பார்க்கலாமென்றால் கதவுக்கு முத்திரை. பதினோரு மணிக்கு முதலாளி, பூ வாங்குபவரோடு வந்து தன் கையால்தான் உடைப்பார். "மொட்டு விரிஞ்சிருந்தா உன் சீட்டு கிழிஞ்சுது" என்று நேற்றே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மேஸ்திரி மெக்கானிக்குக்குப் போன் போட்டு விவரம் சொன்னார். மெக்கானிக் உடனே கண்டுபிடித்துவிட்டான்.

"ஒன்பது பேரு ஒண்ணு சொல்லி ஒருத்தன் மட்டும் மாத்திச் சொன்னா என்ன அர்த்தம்? ஆள்மாறாட்டம்! எவனோ வெளிய உக்காந்து ஏழாம் நம்பர் பேர்ல பொய்ச் சேதி அனுப்புறான்."

"எதுக்குய்யா?"

"நீங்க பயந்துபோய்க் குளிரைக் கூட்டுவீங்க, மொட்டெல்லாம் கருகிடும். போட்டிக்காரன் வேலை. பெட்டிங்க தாங்க யாருன்னு காட்டுற ரகசிய எண்ணை மாத்துங்க. புது எண்ணு நம்ம பெட்டிக்கு மட்டும்தான் போகும். திருடன் முழிப்பான்."

மேஸ்திரிக்கு மூட்டை தூக்கிய விரல். ஒன்றை அழுத்தினால் இரண்டு அமுங்கியது. மூன்று தடவை தப்பானதும், 'நீங்கள் அனுமதி பெற்றவர் அல்ல' என்று சொல்லித் தாய்ப்பெட்டி இன்னும் உரக்கக் கத்தியது.

"பதினாறு வருஷமா இங்கயே கிடக்கேன், என்னையே யாருங்குது!"

மெக்கானிக் அங்கிருந்தபடியே தாய்ப்பெட்டியின் பூட்டை விடுவித்து எண்ணையும் மாற்றினான். பத்துப் பெட்டிகளும் புது எண்ணைச் சரியாகச் சொல்லின. ஏழாம் நம்பர், இருபத்தைந்து என்றது.

மெக்கானிக்கின் குரல் இறங்கியது. "புது எண்ணையும் திருடிட்டான். பெரிய கை, மேஸ்திரி."

மேஸ்திரி போனைப் பொத்திக்கொண்டு திரும்பினார். "அம்மா, ஒரு டீ போடேன்" என்றார். கூட்டிப் பெருக்கும் அம்மாள் பால் எடுக்க ஆபீசுக்குள் போனாள். அந்த நேரம் பார்த்து ஒன்பது பெட்டிகளும் ஒருசேர ஏழு டிகிரிக்குத் தாவின. அவள் டீயோடு வந்தபோது நல்ல பிள்ளைகளாக மறுபடி நாலுக்கு வந்திருந்தன.

"ஐயோ, மத்த ஒன்பதையும் ஆட்டிப் பாக்குறான்யா!" என்று போனில் கத்தினார் மேஸ்திரி.

"இனி யோசிக்காதீங்க. ஏழாம் நம்பரைக் கணக்குலேருந்து தள்ளி வைங்க!"

தள்ளி வைத்தார். அலறல் நின்றது. முக்கால்வாசிப் பெட்டிகள் நாலு என்றால் குளிர் எந்திரம் தானாக ஓய்ந்துவிடும். அதுவும் காலையிலிருந்தே சத்தமில்லாமல் கிடந்தது. மேஸ்திரி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

பதினோரு மணிக்கு முதலாளி பூ வாங்குபவரோடு வந்தார். "எல்லாம் சரியா?"

"ஒரு திருடன் வந்தான். பிடிச்சு வெளிய தள்ளிட்டேன் முதலாளி."

முத்திரை உடைந்தது. கதவு திறந்ததும் வெதுவெதுப்பாக ஒரு வாசனை வந்து மூவர் முகத்திலும் அறைந்தது. நானூறு கூடையும் வாய்கொள்ளாமல் மலர்ந்து சிரித்தன.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அடடா, மாட்ட மறந்துட்டேனேண்ணே! நேத்து அறையைக் கழுவுறப்ப நனையக் கூடாதுன்னு பெட்டிங்களைக் கழட்டினேன். வெளிய வெச்சா சூடு சூடுன்னு கத்துமேன்னு ஒன்பதையும் ஆபீஸ் பிரிட்ஜுக்குள்ள அடியில வெச்சேன், அந்த ஏழாம் நம்பர்தான் கைக்கு எட்டல."