நட்சத்திரக் கீரியைத் தடுத்த உடும்பு

ஒரு காட்டில் மழை ஓய்ந்ததும் கூடைப்பந்து தொடங்கிவிடும். சிங்கம் ஆண்டதும் புலி எதிர்த்ததும் பழைய செய்தி. இப்போது அங்கே யார் பெரியவர் என்பதைப் பந்துதான் முடிவு செய்தது. அவ்வாண்டு இறுதித் தொடருக்கு வந்தவை ஆற்றங்கரை அணியும் மலைச்சரிவு அணியும். மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்லும் அணிக்குக் கோப்பை.

மலைச்சரிவு அணியின் நட்சத்திரம் ரத்தினவேல் என்னும் கீரி. உருவம் சிறியது. ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு புறப்பட்டால் இடப்பக்கம் தோளைச் சாய்த்து வலப்பக்கம் போய்விடும். வலப்பக்கம் காத்திருந்தாலோ நின்ற இடத்திலேயே எம்பிக் கூடைக்குள் போட்டுவிடும். அதைத் தடுக்கப் போன மிளா மான் ஒன்று தன் கால்களே பின்னிக்கொண்டு விழுந்த காட்சியைக் காடு முழுவதும் கைபேசியில் பார்த்துச் சிரித்தது.

விழுந்த மிளா ஆற்றங்கரை அணியைச் சேர்ந்தது. ஆகவே கீரியைத் தடுக்கும் பொறுப்பு அதே அணியின் செங்கோடன் என்னும் உடும்புக்கு வந்தது. பிடித்த பிடியை விடாத குலத்தில் பிறந்த செங்கோடன், உழைப்பை நம்பியது, நேர்மையை நம்பியது. வாசகர்களே, இவ்விரண்டு நற்குணங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படாது.

ஆற்றங்கரை அணி தன் வீரர்களுக்கு ஆளுக்கொரு வெயில் பாறையை ஒதுக்கியிருந்தது. மிளாவுக்கு அது வெறும் உட்காருமிடம். உடும்புக்கோ அது உயிர். வெயிலில் காயாத உடும்பு அசையாது. அசையாத உடும்பு இரை தேடாது. அணியில் சேருமுன் செங்கோடன் கிடந்தது ஈரப் பொந்தில். அந்தக் குளிரை அதன் வால் இன்னும் மறக்கவில்லை.

முதல் ஆட்டத்தில் செங்கோடன் கீரியை நிழல் போல் ஒட்டி நின்றது. நடுவரான நாரை ஒட்டி நின்றதற்கு ஒரு விசில் ஊதியது. விலகி நின்றபோது முறைத்ததற்கு ஒன்று ஊதியது. உடும்பு பதறிப்போய் அருகில் சென்றது.

"ஐயா, என் கை படவே இல்லையே!"

"படல. ஆனா கீரி விழுந்திருச்சே."

"அது தானா விழுந்துச்சுங்க!"

"தானா விழுற அளவுக்கு நீ என்ன பண்ணின? அதான் ஃபவுல். இத்தனை சனம் உன் வாலைப் பாக்கவா வந்திருக்கு?"

ஆளுக்கு அனுமதித்த ஐந்து ஃபவுலும் முடிந்து உடும்பு வெளியே உட்கார, அணி தோற்றது.

இரண்டாம் ஆட்டத்தில் கீரிக்கு வயிறு சரியில்லை. ஆற்றங்கரை அணி எளிதாக வென்றது. "பாத்தீங்களா, எல்லாம் நம்ம வியூகம்!" என்று பயிற்சியாளர் வராகமூர்த்தி பேட்டி கொடுத்தார். அவர் ஒரு காட்டுப்பன்றி. கீரியின் வயிற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மூன்றாம் ஆட்டத்துக்கு முன் அவர் செங்கோடனைத் தனியே அழைத்தார்.

"டேய், இன்னிக்குக் கீரி முப்பது பாயிண்டைத் தாண்டுச்சுன்னா அடுத்த பருவத்துல உனக்கு இங்க எடமில்ல. பாறையும் கெடையாது. புரியுதா?"

"நம்ம ஜெயிச்சாலுமா ஐயா?"

"கணக்குன்னா கணக்குதாண்டா."

ஆட்டம் தொடங்கியது. மைதானத்தின் ஓரத்தில் தேன் வணிகம் செய்யும் கரடி அன்பளித்த மாபெரும் மின்திரை ஒளிர்ந்தது. கூட்டம் கீரியைக் காணவே வந்ததால் கீரியின் முகமும் அது எடுத்த புள்ளிகளும் திரை நிறையத் தெரிந்தன. அணிகளின் புள்ளிகள் ஒரு மூலையில் எறும்பளவில் கிடந்தன. தவறிய பந்துகளுக்குத் திரையில் இடமே இல்லை. தோல்வியைக் காட்டும் திரைக்கு யார் விளம்பரம் தருவார்கள்?

தொடக்கத்திலேயே உடும்பின் மீது இரண்டு ஃபவுல்கள் விழுந்தன. கீரி பந்தைப் பிடித்ததும் மூவர் சூழ்ந்துகொண்டனர். அது புன்னகையுடன் பந்தைத் தன் அணியின் முள்ளம்பன்றிக்கு எறிய, தனியே நின்ற முள்ளம்பன்றி கூடையில் போட்டது. கூட்டம் "முள்ளு! முள்ளு!" என்று ஆர்ப்பரித்தது.

அப்போது செங்கோடன் ஒன்றைக் கண்டது. கீரி முள்ளம்பன்றியைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தது. அங்கே தன் எண் உயராததைக் கண்டதும் அதன் வால் மெல்லத் தொங்கியது.

உடும்பு நெடுநேரம் யோசிக்கவில்லை. ஒரு பக்கம் கோப்பை, ஒரு பக்கம் பாறை. தன் வாலில் ஈரப் பொந்தின் குளிர் ஏறுவதை உணர்ந்தபடியே அது கீரியின் அருகில் சென்றது.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"என்னடா?"

"அந்தப் பந்தைப் போய் முள்ளம்பன்றிக்கா குடுத்தீங்க? அது உங்க பந்துண்ணே. மூணு பேரு மேல ஏறிப் போடுறதுக்கு இந்தக் காட்டுல வேற யாரு இருக்கா?"

கீரி ஒரு கணம் உடும்பை உற்றுப் பார்த்தது. "நீ எதிரணிக்காரன்தானே?"

"எதிரணிதான். அதுக்காகக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

அதன்பின் கீரி யாருக்கும் பந்தைத் தரவில்லை. மூவர் சூழ்ந்தாலும் எறிந்தது; நால்வர் சூழ்ந்தாலும் எறிந்தது. ஒன்று விழுந்தால் இரண்டு தவறின. விழுந்தது திரையில் மின்னியது. தவறியதை மிளா எடுத்துக்கொண்டு எதிர்க்கூடைக்கு ஓடியது. முள்ளம்பன்றி மூலையில் நின்று கையை ஆட்டியது.

"அண்ணே, நான் சும்மாதான் நிக்கிறேன்! ஒரு தடவை குடுங்கண்ணே!"

"நில்லுடா, என் ஆட்டம் சூடுபிடிச்சிருக்குல்ல!" என்றது கீரி.

உடும்பு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே ஓடியது. "அட, என்னா ஆட்டம்! இன்னும் ரெண்டடி பின்னால போய்ப் போடுங்கண்ணே, உங்களுக்கென்ன!" கை நீளாததால் நாரைக்கு ஊத ஒன்றும் கிடைக்கவில்லை. திரை முப்பதைத் தாண்டியபோது பயிற்சியாளர் தம் தொப்பியைக் கடித்தார். செங்கோடன் திரையைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த எறும்பளவு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

இறுதி விசில் ஒலித்தது. திரையில் நாற்பத்தேழு மின்னியது. கீரி இரு கைகளையும் உயர்த்தி மைதானத்தைச் சுற்றி ஓடியது. ஆற்றங்கரை அணியும் சுற்றி ஓடியது.

"நீங்க எதுக்குடா ஓடுறீங்க?" என்று கீரி மிளாவைக் கேட்டது.

"கப்பு வாங்குறதுக்குத்தான்."

கீரி திகைத்து நின்றது. முள்ளம்பன்றி வந்து அதன் முகத்தைப் பிடித்துத் திரையின் மூலைப் பக்கம் திருப்பிவிட்டது. "கீழ பாருங்கண்ணே. சின்ன எழுத்துல இருக்கு."

வராகமூர்த்தி எல்லோரையும் கட்டித் தழுவினார். செங்கோடன் அருகில் வந்ததும் கைகளை இறக்கிக்கொண்டார்.

"நாற்பத்தேழுடா!"

"ஐயா, நம்ம ஜெயிச்சுட்டோம்."

"ஜெயிச்சது அணி. நாற்பத்தேழு உன்னோடது. பாறையைக் காலி பண்ணிரு."

செங்கோடன் பொந்துக்குத் திரும்பியது. காட்டு நாளேடு அதை 'தொடரின் மிக மோசமான தடுப்பாளர்' என்று எழுதியது. தொடரின் சிறந்த வீரர் விருது கீரிக்குக் கிடைத்தது.

அடுத்த பருவத்தில், கோப்பை வென்ற மகிழ்ச்சியில் இருந்த ஆற்றங்கரை அணி, நாற்பத்தேழு எடுத்த கீரியையே தன் பக்கம் அழைத்துக்கொண்டது. கீரி ஒரே ஒரு நிபந்தனை விதித்தது.

"அந்த உடும்பு எங்கூடவே இருக்கணும். என் ஆட்டம் புரிஞ்சவன் இந்தக் காட்டுல அவன் ஒருத்தன்தான்."

வராகமூர்த்தி தாமே பொந்து வாசலுக்கு வந்து குனிந்து, "வாங்க தம்பி, செங்கோடன்," என்று அழைத்தார். முன்னிருந்ததைவிடப் பெரிய பாறை, நாள் முழுதும் வெயில் விழும் இடத்தில், கீரியின் பாறைக்கு அடுத்தாற்போல் தரப்பட்டது. உடும்பு அதன்பின் பந்தைத் தொடவில்லை. ஆட்டந்தோறும் எல்லைக்கோட்டருகே அமர்ந்து, "உங்களுக்கென்னண்ணே!" என்று சொல்வதே அதன் பணி.

அந்தப் பருவத்தில் ஆற்றங்கரை அணி எல்லா ஆட்டங்களிலும் தோற்றது. கீரி எல்லா ஆட்டங்களிலும் முப்பதைத் தாண்டியது. செங்கோடனின் வால் ஒருநாளும் குளிரவில்லை.

நீதி: அன்பர்களே, வல்லவனைத் தடுக்கக் கை நீட்டாதீர்கள், விசில் ஊதிவிடுவார்கள். கை தட்டுங்கள். அவன் தானே தோற்பான், தோற்றது அவனுக்குத் தெரியாது, உங்களுக்கும் வெயில் கிடைக்கும்.