இடது பக்கம் மந்தம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான், இவர், பெண் மூவரும் சுகம். நீ கொடுத்த இயர்போன் மட்டும் சுகமில்லை. அங்கே நீயும் அண்ணியும், இதைவிடப் பெரியதாக நீ வாங்கியிருக்கும் புதிய செட்டும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று காலை எழுந்ததும், பல் விளக்குவதற்கும் முன்னால், இயர்போனுக்கு வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கிற ஆம்ப் பெட்டியின் மூடியைத் திறந்து இரண்டு பேட்டரிகளையும் வெளியே எடுத்தேன். அவை உட்காரும் தகடுகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தேன். நீ எழுதிக் கொடுத்த பன்னிரண்டு விதிகளில் இது நான்காவது. அந்தத் தாள் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. இவர் சட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் அதை ஒரு தடவை படித்துவிட்டு, "உங்க அண்ணன் கல்யாணத்தப்ப எனக்குக்கூட இவ்வளவு எழுதிக் கொடுக்கலையே" என்கிறார். ரப்பர் தேய்த்தும் பயனில்லை. இடது பக்கம் அப்படியே மந்தமாகத்தான் இருக்கிறது.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பேச விடமாட்டாய். தவிர, இப்போதெல்லாம் நான் ஃபோனை வலது காதில்தான் வைத்துக்கொள்கிறேன், அதனால் நீ சொல்வதைக் குறித்துக்கொள்ள வலது கை கிடைப்பதில்லை. நாளை இவர் வேலையாக உன் ஊருக்கு வருகிறார். இந்தக் கடிதத்தையும் கருவியையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். சுருக்கமாகச் சொல்ல முடியவில்லை, பொறுத்துக்கொண்டு படி.

முதலில் பேட்டரி. இரண்டு பேட்டரி மூன்று மணி நேரம் வரும் என்றாய். எங்கள் வீட்டில் அது ஒன்றரை மணி நேரம்தான், ஏனென்றால் மிச்ச ஆயுளை அவை டிவி ரிமோட்டில் கழிக்கின்றன. நான் புதிதாகப் போட்டுவைப்பதை இவர் எடுத்துக்கொண்டு, ரிமோட்டில் இருந்த கிழடுகளை ஆம்புக்குள் வைத்து மூடிவிடுவார். கேட்டால், ரெண்டும் ஒரே சைஸ்தானே என்பார். சரி, மின்சாரத்திலேயே போட்டுக்கொள்ளலாம் என்று பெண்ணின் ஃபோன் சார்ஜரை மாட்டினேன். ஐந்து வோல்ட், நீ சொன்ன அளவுதான். ஆனால் காதுக்குள் ஒரு வண்டு குடிவந்ததுபோல ரீங்காரம். மலிவான சார்ஜரை மாட்டாதே என்று ஆறாவது விதியில் எழுதியிருக்கிறாய். ஐந்தாவது வரியோடு தாள் மடிந்து கதவில் ஒட்டியிருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். அடுத்தது ஈரம். உள்ளே இருக்கிற படலம் வெங்காயச் சருகைவிட மெல்லியது, ஈரம் பட்டால் மின்னேற்றம் கசிந்து ஒரு பக்கம் சத்தம் குறையும் என்று நீ சொன்ன நாளிலிருந்து, இந்த வீட்டுக்குச் செருப்புப் பெட்டியிலும் கைப்பையிலும் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றையும் நான் தூக்கிப் போட்டதில்லை. பதினேழு பொட்டலங்களுக்கு நடுவில் இயர்போனை ஒரு டப்பாவில் படுக்கவைத்தேன். நாலு நாள். எடுத்துப் பார்த்தால் பொட்டலம் ஒன்று பிரிந்து, மணிமணியாக இயர்போனின் பஞ்சு முனைக்குள் புகுந்திருந்தது. ஊசியால் ஒவ்வொன்றாக நோண்டி எடுக்கும்போது, நாற்பத்தாறு வயதில் நான் செய்கிற காரியம் இதுவா என்று அழுகை வந்துவிட்டது. அழுதாலும் ஈரம் என்று எழுந்து போய்விட்டேன்.

காதில் அழுத்திச் செருகினால் படலம் போய் உள்தகட்டில் ஒட்டிக்கொள்ளும், மெதுவாகச் செருகு என்றாய். மெதுவாகத்தான் செருகுகிறேன். அண்ணா, தூங்குகிற குழந்தையின் வாயில் தெர்மாமீட்டர் வைப்பதுபோலச் செருகுகிறேன்.

கடைத்தெருவில் ரேடியோ பழுதுபார்க்கிறவரிடமும் கொண்டுபோனேன். ஆம்பைப் புரட்டிப் பார்த்தார், பின்னால் எழுதியிருந்ததைப் படித்தார், மேசைமேல் வைத்தார், கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஐந்நூத்தி எண்பது வோல்ட்டுனு போட்டிருக்கு மேடம். நான் தொறக்கறேன். எனக்கு எதாவது ஆச்சுன்னா என் சம்சாரத்துக்கு நீங்கதான் பதில் சொல்லணும்." கரண்ட் ரொம்பக் கொஞ்சம்தான், உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று நீ சொன்னதை நான் சொன்னேன். அப்படியானால் நீங்களே திறங்கள் என்றார். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் யாருக்கும் இதன் அருமை தெரியவில்லை. பெண்ணிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, "ரெண்டு பக்கமும் நல்லாத்தானேம்மா கேக்குது?" என்றாள். நாளெல்லாம் கண்டதையும் அலறவிட்டுக் கேட்கிற காதுக்கு என்ன தெரியும் என்று திட்டி அனுப்பிவிட்டேன். அவளுடைய சாதாரண இயர்போனையும் வாங்கிப் பார்த்தேன். அதிலும் இடது பக்கம் மந்தம்தான். மலிவான சாமான், அதில் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

இதெல்லாம் வெறும் பாட்டுக் கேட்கிற விஷயமாக இருந்தால் உன்னைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். என் வேலை உனக்குத் தெரியும். ஒலிநாடகங்களும் ஒலிப்புத்தகங்களும் வெளியே போவதற்கு முன்னால் கேட்டு, எங்கே நாற்காலி கிறீச்சிட்டது, எங்கே பக்கம் புரட்டிய சத்தம் விழுந்தது, எங்கே வாசிப்பவர் எச்சில் விழுங்கினார் என்று குறிப்பது. ஒன்பது வருஷமாக என் காதைத் தாண்டி ஒரு தும்மல் போனதில்லை. இப்போது முப்பது பாக நாடகம் ஒன்று நடக்கிறது. மூன்று பாகங்களுக்கு நான் 'இடது பக்கம் மந்தம்' என்று எழுதினேன். மூன்றையும் இரண்டு தடவை மறுபடி பதிந்தார்கள். நடிகை அதே சாவுக்கு மூன்று தடவை அழுதார். மூன்றாவது தடவை அழுகை வராமல் கோபத்தில் பேசினார், அதுதான் நன்றாக இருந்தது.

எல்லாப் பழியும் ஒலிப்பதிவாளர்மேல் விழுந்தது. ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். ஸ்டூடியோவில் அவருக்கு 'மியூட்' என்று பட்டப்பெயர். போன வாரம் நான் திருத்தத் தாள்களைக் கொடுக்க ஸ்டூடியோவுக்குப் போனபோது, நான் உட்கார்ந்திருந்த மேசைக்கு வந்து என் இடது பக்கம் நின்றிருக்கிறார். எவ்வளவு நேரம் நின்றாரோ, நான் கவனிக்கவில்லை. பிறகு சுற்றிவந்து எதிரில் நின்றார்.

"மைக்க மாத்திட்டேன் மேடம். வயரையும் மாத்திட்டேன். இனிமே மாத்தறதுக்கு நான் ஒருத்தன்தான் பாக்கி."

குற்றம் சொல்வதுபோலச் சொல்லவில்லை. ஒரு பட்டியலின் கடைசி வரியைப் படிப்பதுபோலச் சொன்னார். என் செட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொல்லிவைத்தேன். "பாருங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மேலாளர் அறையில் கூட்டம். அதில் ஒரு தாள் வரும். 'குறை எங்கே' என்ற தலைப்பின் கீழ் மைக், வயர், அறை, வாசிப்பவர், பதிவாளர், மற்றவை என்று ஆறு கட்டங்கள். ஐந்தாவதில் நான் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு அந்த ஸ்டூடியோவில் வேலை இல்லை. அதற்காகத்தான் உன்னிடம் ஒரு உதவி. கருவியை நீ சோதித்துப் பார்த்து, இடது பக்கம் பழுது என்று உன் கைப்பட இரண்டு வரி எழுதி, ஞாயிற்றுக்கிழமை இவர் திரும்பும்போது கொடுத்தனுப்பு. பழுது இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் எழுது. யாருக்கும் நஷ்டமில்லை: அவர் வேலை நிற்கும், என் பெயரும் நிற்கும், இயர்போனுக்குக் கெட்ட பெயர் வந்தால் அது யாரிடமும் போய் அழப்போவதில்லை.

உன் விதிகளில் எதையும் விட்டேன் என்று நினைக்காதே. எல்லாம் செய்தேன். பதினொன்றாவது மட்டும் பாக்கி. 'இடது காதுக்கானதை வலது காதிலும், வலதை இடதிலும் மாட்டிப் பார். மந்தம் பக்கம் மாறினால் கோளாறு கருவியில்.' மாறாவிட்டால் எதில் என்று நீ எழுதவில்லை. காதின் வளைவுக்கு ஏற்றபடி கொக்கி செய்திருப்பதால் மாற்றி மாட்டினால் நிற்காது. அதனால்தான் செய்யவில்லை.

வீட்டில் வேறு விசேஷம் இல்லை. இவர் அடுப்படியில் என் பக்கத்தில் நின்று பேசிவிட்டு, பதில் வரவில்லை என்று, "என்மேல கோவமா?" என்று கேட்கிறார். வாரத்துக்கு மூன்று தடவையாவது கேட்கிறார். எதிர்வீட்டு நாய் திருந்திவிட்டது. நான் வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அதன் குரைப்பே கேட்பதில்லை.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் தலையில் என் பங்குக்கும் ஒரு தடவை கை வைத்துவிடு. உன் முழங்கால் வலி குறையட்டும். எல்லோரும் நூறு வயதுவரை நன்றாக இருங்கள்.

உன் பிரியமுள்ள தங்கை.

பின்குறிப்பு: இவர் பையில் கருவியைத் தேடாதே, அனுப்பவில்லை. கவரை ஒட்டுவதற்கு முன்னால் பதினொன்றாவது விதியையும் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொக்கி நிற்கவில்லைதான், ஆனால் கையால் பிடித்துக்கொண்டால் நிற்கிறது. இத்தனை நாளும் எனக்கு இரண்டு கைகள் இருந்தன. அந்த நாடகத்தின் முதல் பாகத்தைப் போட்டேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். இடது பக்கத்தில் ஒருத்தி கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கிப் போகிறாள். பதினான்கு படி. மாற்றி மாட்டியதும் ஒவ்வொரு படியும் என் வலது காதில் கேட்டது, செருப்பின் தேய்ந்த குதிகால்கூட. இடது காதுக்கு யாரோ போர்வைக்குள்ளிருந்து சண்டை போடுவதுபோல இருந்தது. மந்தம் பக்கம் மாறவில்லை. மறுபடி மாற்றினேன், மறுபடி மாறவில்லை. இவ்வளவு சுத்தமாக யாரும் பதிந்து நான் கேட்டதில்லை.

அதனால் மேலே எழுதியிருப்பதில் சுகம் விசாரித்தது தவிர மற்றதெல்லாம் தப்பு. கருவி உன் புதிய செட்டைவிட நன்றாக இருக்கிறது. ரெண்டு வரி எதுவும் எழுதாதே. பெண்ணிடம் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், நாயைப் பற்றிச் சொன்னதையும் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். காது டாக்டரிடம் போவேன், ஆனால் அது அடுத்த வாரம். அதற்கு முன்னால் திங்கட்கிழமை இருக்கிறது. அந்தத் தாளில் ஐந்து கட்டத்தையும் காலியாக விட்டுவிட்டு, ஆறாவதில், 'மற்றவை' என்பதற்கு எதிரே, 'கேட்டவரின் இடது காது' என்று எழுதிக் கையெழுத்துப் போடப்போகிறேன். அதற்கப்புறம் அங்கே எனக்கு என்ன வேலை இருக்கும் என்று தெரியவில்லை. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இவர் இடது பக்கத்து அறையில்தான் பை அடுக்கிக்கொண்டிருக்கிறார். ஏதோ கேட்கிறார் என்று நினைக்கிறேன்.