வந்து சேராதவன்

எங்கள் தீவு விருந்தோம்பலுக்குப் பேர்போனது. அதற்கென்று ஓர் அலுவலகம் இல்லாத குறை மட்டும் இருந்தது. சென்ற மழைக்காலத்தில் அதுவும் நீங்கியது. 'புதியோரை அரவணைக்கும் துறை' திறக்கப்பட்டு, இலியேசா அதற்கு அதிகாரியாக அமர்ந்தார்.

அரவணைக்க ஆள் வேண்டுமே. தீவில் இருந்த ஒரே புதியவன் ரொஹெலியோ. பிலிப்பைன்ஸ்காரன், படகு இஞ்சின் மெக்கானிக். வந்து இருபது வருஷம் ஆகிறது. எங்கள் லைசானியைக் கட்டிக்கொண்டவன். எங்கள் மொழியில் எங்களைவிடச் சுத்தமாகத் திட்டுவான்.

இலியேசா இருவரையும் அழைத்தார்.

"நீ வந்தப்போ யங்கோனா வேர்க்கட்டைத் தீவுத் தலைவர் முன்னால காணிக்கையா வச்சு அனுமதி கேட்டியா?"

"அன்னிக்குப் புயலுங்கய்யா. கரையில ஒருத்தரும் இல்ல."

"அப்ப உன்ன யாரும் வரவேற்கல. வரவேற்கப்படாதவன் வந்ததா ஆகாது. வராதவன் இங்க இருக்கக் கூடாது. வியாழக்கிழமைக் கப்பல்ல ஏத்திடுவோம்."

"வராதவன எப்படிய்யா திருப்பி அனுப்புவ?" என்றாள் லைசானி.

"அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு, அக்கா."

இறுதியில் கருணை வென்றது. பவளப்பாறைக்கு வெளியே போய், முறைப்படி வந்து சேர ரொஹெலியோவுக்கு அனுமதி வழங்கப்பட்டது. போனான், வந்தான், வேர்க்கட்டை வைத்தான். தலைவர் கைதட்டி ஏற்றுக்கொண்டார். கழுத்தில் மாலை விழுந்தது, மண்ணடுப்பில் பன்றி வெந்தது, குடியிருப்பு அட்டையும் கிடைத்தது.

லைசானிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன் இலியேசா, நம்ம முப்பாட்டனுங்க தோணியில வந்து இறங்கினப்போ கரையில நின்னு வரவேற்றது யாரு?"

அவர் விதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"யாருமில்ல. விதியில விலக்கும் இல்ல."

அதாவது, தலைவர் உட்பட எங்களில் ஒருவரும் இன்னும் வந்து சேரவில்லை. அப்படியானால் ரொஹெலியோவின் அட்டை? அது செல்லும். கொடுத்ததைத் திரும்பப் பெற இன்னும் பிரிவு திறக்கவில்லை.

சட்டத்தை மதிக்கும் மக்களாகிய நாங்கள் புதன்கிழமை காலையில் ஆளுக்கொரு வேர்க்கட்டோடு படகேறி, பாறைக்கு வெளியே போய்த் திரும்பினோம். கரையில், தலைவர் உட்காரும் பாயில், தீவின் ஒரே சட்டபூர்வக் குடிமகன் உட்கார்ந்திருந்தான்.

"சீக்கிரம் கூப்பிடு மாப்ள, தண்ணி வத்துது, படகு தரைதட்டிடும்!" என்று கத்தினார் தலைவர்.

"யோவ், நான் உன் பொண்டாட்டிய்யா!" என்றாள் லைசானி.

ரொஹெலியோ அவசரப்படவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவனைப் போலப் பெருமூச்சு விட்டான்.

"வர்றவங்கள வேண்டாங்கல. ஆனா, ஒரே நேரத்துல இத்தனை பேர் வந்தா இந்தச் சின்னத் தீவு தாங்குமா?"