நீச்சல் குளத்துக்குக் குளிர்கால விடுமுறை

மார்கழி பிறந்த அன்று காலை, பற்கள் தந்தியடிக்கத் தலையைத் துவட்டிக்கொண்டே ஒரு சபதம் எடுத்தேன். இனி இந்தத் தண்ணீரில் இறங்குவதில்லை. ஆனால் இறங்கவில்லை என்றால் மானம் போய்விடும். மானமும் போகக் கூடாது, உயிரும் போகக் கூடாது. இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி வேண்டும்.

வம்பை விலைக்கு வாங்கியது நான்தான். அதற்கு முந்தின வருஷம் டெல்லியில் ஏஷியாட் விளையாட்டு நடந்தபோது பெங்களூரில் சொந்தக்காரர் வீட்டு டி.வி.யில் நீச்சல் போட்டி பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பாப்பாரப்பட்டிக்குத் திரும்பி, கொல்லையில் பள்ளம் வெட்டி, சிமெண்ட் பூசி, கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, ஒரு நீச்சல் குளமே கட்டிவிட்டேன். நான் குளம் என்பேன். என் மனைவி சாலம்மாள் தொட்டி என்பாள். இரண்டு தடவை கையை வீசினால் எதிர்ச் சுவரில் தலை முட்டும். முட்டட்டுமே. ஒலிம்பிக்கிலும் கடைசியில் சுவர்தானே வருகிறது?

குளம் கட்டி முடித்த அன்றே சாலம்மாள் ஆரம்பித்தாள்.

"ஏங்க, போன மழையில எங்கம்மா வூட்டுல ராகி சேத்து வெக்கற குழியில தண்ணி எறங்கி, இருந்த ராகியெல்லாம் மொளைச்சிப் போச்சி. இந்தத் தொட்டியக் குடுத்தீங்கன்னா இந்த வருஷத்து ராகியக் கொட்டி வெச்சிக்கலாம்."

"நீச்சல் குளத்துல ராகியா? வெளிய சொல்லாதே. சிரிப்பாங்க."

"நீங்க டிராயரோட குதிக்கறதப் பாத்து மட்டும் அழுவறாங்களா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பென்னாகரம் தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருப்பவனுக்கு ரோஷம் வருவதற்கு வீட்டை விட்டால் வேறு இடம் ஏது?

"இந்தா சாலம்மா, நல்லாக் கேட்டுக்க. தெனமும் காலையில நீந்துவேன். ஒரு நாள் தவறினாலும் குளம் உனக்கு!"

வேலிக்கு அந்தப் பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்த காஜா பாய், லாரி சாமான் கடைக்காரர், வாய் நிறைய நுரையோடு கையைத் தூக்கினார். "நான் சாட்சி, சார்!"

சித்திரையில் சொன்ன சொல் அது. சித்திரையில் எவனும் எதையும் சொல்லலாம். மார்கழியில் எங்கள் ஊர்த் தண்ணீரில் கால் வைத்துப் பார்க்க வேண்டும். கால் இருக்கிறதா என்று அப்புறம் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடவுள் கைவிடவில்லை. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் வடை வாங்கினேன். மடித்துக் கொடுத்த காகிதம் ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையின் தாள். எண்ணெய் படாத இடத்தில் ஒரு தலைப்பு. குளிர்காலத்துக்கு வீட்டு நீச்சல் குளத்தை மூடுவது எப்படி? வடையைக் கீழே போட்டுவிட்டுக் காகிதத்தைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திய முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் காஜா பாயையும் வேலியோரம் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு அறிவித்தேன்.

"சாலம்மா, குளிர்காலத்துல நீச்சல் குளத்த மூடிடணும். வெள்ளக்காரன் அப்படித்தான் செய்யறான். இல்லன்னா தண்ணி ஒறைஞ்சி செவுரு வெடிச்சிடும்."

"தர்மபுரி ஜில்லாவுல தண்ணி ஒறையுமாங்க, சார்?" என்றார் காஜா பாய்.

"ஒறைஞ்சப்புறம் வருத்தப்பட்டு என்ன பண்றது, பாய்? குளம் மூடியிருக்கற வரைக்கும் பந்தயமும் மூடியிருக்கும். சித்திரை ஒண்ணாந்தேதி குளத்தத் திறப்பேன். குளம் திறந்தா பந்தயமும் திறக்கும். அதுவரைக்கும் யாரும் தொறக்கக் கூடாது. நான் உள்பட!"

சண்டைக்குத் தயாராக நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். சாலம்மாள் என்னையும் குளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"படிச்சவங்க எழுதினா சரியாத்தாங்க இருக்கும். மூடிடலாம்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் முதல் பேச்சிலேயே ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

"எப்படி மூடணும்னு போட்டிருக்குதுங்க?" என்று கேட்டாள். பாதிக்கு மேல் தாள் கிழிந்திருந்தது. கிழிந்ததை ஒத்துக்கொண்டால் கௌரவம் என்னாவது?

"தண்ணியக் கொறைக்கணும்."

"கொறைச்சி வெச்சா கொசு வருங்க. பூராவும் எறைச்சிடுங்க."

எனக்கும் நியாயமாகப் பட்டது. வாளி வாளியாக நானே இறைத்தேன். "அவரைக்கு ஊத்துங்க, அந்தப் பக்கம் கத்திரிக்கு ஊத்துங்க" என்று அவள் கரையில் நின்று வழி காட்டினாள்.

"ஈரம் இருந்தா பாசி புடிக்கும். நல்லாத் தேச்சிக் காய விடுங்க." தேய்த்தேன்.

"விரிசல் இருந்தா குளிருக்குப் பெருசாவுங்க. சிமெண்ட் வெச்சிப் பூசிடுங்க." பூசினேன்.

"அடியிலயும் சுத்தியும் வைக்கோல் பரப்பினா செவுத்துக்குக் குளிர் தாக்காதுங்க."

அசந்துபோனேன். வெள்ளைக்காரனுக்கே தோன்றாத யோசனை! காஜா பாயிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வைக்கோலைப் பார்த்தார், சாலம்மாளைப் பார்த்தார், அவசரமாகக் கடைக்குக் கிளம்பிவிட்டார். மேலே போர்த்த அவரிடம் லாரி தார்ப்பாய் கேட்க வந்தவன் சாலம்மாளிடம் புலம்பினேன்.

"தார்ப்பாய் எதுக்குங்க? ஆடு ஏறினா உள்ள வுழுந்துடும். என் தம்பி மாதுகிட்ட சொல்லி கல்லுப் பலகை கொண்டாரச் சொல்றேன். நாளைக்குக் காலையில வந்து மூடிக் குடுத்துடுவான்."

மறுநாள் காலை! அதை எப்படிச் சொல்வேன்? நீந்த வேண்டாம். எழுந்திருக்க வேண்டாம். கம்பளியைத் தலை வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். கொல்லையில் மாட்டு வண்டிகள் வந்தன. ஒன்று அல்ல, மூன்று. கல் பலகைக்கு இத்தனை வண்டியா என்று தூக்கத்திலேயே வியந்தேன். சரசரவென்று ஏதோ கொட்டுகிற சத்தம். மழை போலிருக்கிறது, நல்லவேளை நாம் வெளியே இல்லை என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். அத்தனை சுகமாக நான் என் தொட்டில் காலத்திலும் தூங்கியதில்லை.

எழுந்து போனபோது வெயில் ஏறியிருந்தது. குளத்தின் மேல் பலகைகள் வரிசையாக, அழகாகப் படுத்திருந்தன.

"எழுப்ப மனசு வரலீங்க," என்றாள் சாலம்மாள். என்ன கனிவு! "சந்துல பூச மண்ணும் சாணியும் கொழச்சி வெச்சிருக்கறேன். அத மட்டும் நீங்க உங்க கையால பூசிடுங்க. துளி காத்து போவக் கூடாது."

காற்றுப் புகாமல் பூசினேன். சுற்றிலும் ஊர்க் கோழிகளெல்லாம் கூடி, தலை நிமிராமல் தரையைக் கொத்திக்கொண்டிருந்தன. என் வெற்றி விழாவுக்குக் கோழிகள்கூட வந்திருக்கின்றன என்று பூரித்துப் போனேன்.

அந்தக் குளிர்காலம் என் வாழ்க்கையின் பொற்காலம். வெந்நீர்க் குளியல், சூடான காப்பி, சிரித்த முகத்தோடு மனைவி. மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

சித்திரை ஒன்றாம் தேதி வந்தது. திறப்பு விழாவை ஜோராக நடத்த எண்ணி, தெருக்காரர்களையும் ஆபீஸ் நண்பர்களையும் அழைத்திருந்தேன். நீல டிராயர், தோளில் துண்டு, கையில் கடப்பாரை. மச்சான் மாதுவும் வந்திருந்தான். அவன் கையில் ஏன் ராகி அளக்கிற வள்ளம் இருக்கிறது என்று கேட்க நேரமில்லை.

பூச்சை உடைத்துப் பலகையை நெம்பித் தள்ளினேன். கூட்டம் எட்டிப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

ராகி. குளம் நிறைய ராகி. செக்கச்செவேலென்று, ஒரு பூச்சி இல்லாமல், ஒரு துளி ஈரம் இல்லாமல்.

"அடிப்பாவி!" என்றேன்.

"ஏங்க, ராகிக் குழி மூடறதுன்னா எப்படிங்க? காய வெச்சி, வைக்கோல் போட்டு, கொட்டி, காத்து போவாம மண்ணு பூசணும். எல்லாத்தையும் நீங்கதான செஞ்சீங்க? கொட்டறது மட்டுந்தான் நாங்க."

"சார்," என்று காஜா பாய் கனைத்தார். "சாட்சிங்கற மொறையில சொல்றேன். குளம் திறந்தா பந்தயமும் திறக்கும்னீங்க. இன்னிக்கு நீந்தலைன்னா குளம் தங்கச்சிக்குங்க."

"யாருங்க தடுத்தா?" என்றாள் சாலம்மாள். "எறங்கி நீந்தட்டும்."

வருவது வரட்டும் என்று ஒரு காலைத் தூக்கினேன். மாது பாய்ந்து வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "மாமா, இப்ப எறங்காதீங்க! மூடிக் கெடந்த குழியில கெட்ட காத்து இருக்கும். ஆளயே சாய்ச்சிடும்!"

மிச்சமிருந்த ஒரு வழியையும் மச்சான் அடைத்துவிட்டான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போன குளம் போனதுதான். ராகியையாவது பாருங்கள், என்ன நிறம்!

"திறப்பு விழான்னு கூப்புட்டு வெறுங்கையோட அனுப்பக் கூடாதுங்க," என்று மாதுவிடமிருந்து வள்ளத்தை வாங்கி என் கையில் கொடுத்தாள் சாலம்மாள். "கரையில இருந்தே வாரி ஆளுக்கு ஒரு வள்ளம் அளந்து போடுங்க. தல தட்டாம, குவிச்சே போடுங்க."

ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். நீல டிராயரோடு குளக்கரையில் மண்டி போட்டு அளக்க ஆரம்பித்தேன். நாலாவது ஆளுக்கே உடம்பெல்லாம் ராகித் தூசி. முதுகு அரித்தது. சொறிந்துகொண்டே சாலம்மாளைப் பார்த்தேன்.

"அளந்து முடிங்க," என்றாள் பரிவாக. "குளிக்கறதுக்கு ஒரு வாளி தண்ணி எடுத்து வெச்சிருக்கறேன்."