அடுத்த வீட்டுப் பாய்க்கு வைத்தியர்

பல் வைத்தியரைப் பார்த்திருப்பீர்கள், மாட்டு வைத்தியரைப் பார்த்திருப்பீர்கள். நான் சொல்லப்போகும் வைத்தியர் வேறு இனம். இவர் இதற்காகப் படித்ததில்லை, வாசலில் போர்டு மாட்டியதில்லை, இவரை யாரும் கூப்பிட்டதும் இல்லை. ஆனாலும் வருவார். காலை ஏழு மணிக்கு உங்கள் வேலியில் ஒரு பாய் ஈரமாகத் தொங்கினால் போதும். சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றி நிற்பார், பாயைப் பார்ப்பார், பிறகு வீட்டைப் பார்ப்பார், இந்த வீட்டில் எத்தனை குழந்தைகள், எதற்கு எத்தனை வயசு, இது யார் வேலை என்று மனசுக்குள்ளேயே கூட்டிக் கழித்து, விடை கிடைத்த திருப்தியோடு, எதிர்வீட்டு எருமைக்கும் கேட்கும்படி கேட்பார்.

"ஏம்மா, பாப்பாவுக்கு இன்னுமா நிக்கல?"

அவ்வளவுதான். பாய் காய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

இவருடைய முதல் லட்சணம், இவர் வீட்டுப் பிள்ளைகள் ஒருபோதும் பாயை நனைத்ததில்லை. "எங்க வூட்டுல அந்தப் பழக்கமே இல்லீங்க. பத்து மாசத்துலயே எந்திரிச்சு உக்காந்து அழுது சொல்லிப்புடும்" என்பார். இதை அவர் சொல்லும்போதெல்லாம் அவருடைய சம்சாரத்துக்கு அடுப்படியில் அவசர வேலை வந்துவிடும். ஏன் என்று நாம் கேட்கக்கூடாது.

இரண்டாவது லட்சணம், இவருடைய மருந்து ஒருபோதும் தோற்காது. கறுப்பு எள்ளும் வெல்லமும் இடித்து உருண்டை பிடித்துக் கொடு என்பார். கொடுத்தும் நிற்கவில்லை என்று போய்ச் சொல்லுங்கள். "எந்தக் கடை எள்ளு?" என்பார். கடை சரியாக இருந்தால் "வெல்லம் புதுசா, பழசா?" என்பார். வெல்லமும் சரியாக இருந்தால், உருண்டையைக் கொடுக்கும்போது குழந்தை கிழக்கே பார்த்து நின்றதா என்பார். நிற்கவில்லை என்றால் குற்றம் உங்களுடையது. நின்றிருந்தாலும் உங்களுடையதுதான். அதன் பிறகு அரூரில் ஒருவர் மந்திரித்துக் கொடுத்த கயிறு வரும், குழந்தையை உட்காரவைக்கச் சுடவைத்த செங்கல் வரும், கடைசியில் "ரெண்டு வெச்சாத்தான் புத்தி வரும்" என்ற பேச்சு வரும். குழந்தை தூங்கும்போது நடக்கிற காரியத்துக்கு விழித்திருக்கும்போது அடித்தால் எப்படி நிற்கும்? அதை இவரிடம் கேட்டுப் பயனில்லை. கேள்வி கேட்பது இவர் தொழில்.

மாதிரிக்கு ஒருவரைக் காட்டுகிறேன். பென்னாகரம் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த கஸ்பார். எண்பத்து நாலாம் வருஷம். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் ஒன்பது, பஞ்சர் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி ஒன்று, வருகிறவர்களுக்கு ஓயாத ஆலோசனை. எதிர்வீட்டு ஞானமேரியின் மகள் வேளாங்கண்ணிக்கு எட்டு வயசு. அவளுடைய பாய் கஸ்பாரின் கண்ணில் பட்டது. கையிலிருந்த ட்யூபைத் தொட்டியில் முக்கிக்கொண்டே நோயைக் கண்டுபிடித்தார்.

"வேற ஒண்ணுமில்லம்மா. வால்வு லூசு. அதை டைட் பண்ணோணும்."

ஞானமேரி புத்திசாலி. இவர் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு தர்மபுரிக்குப் பஸ் ஏறினாள். ஒரு டாக்டரம்மா சிறுநீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, குழந்தையை வெளியே விளையாட அனுப்பிவிட்டுப் பேசினார்.

"இந்த வயசுல நிறையப் புள்ளைங்களுக்கு இருக்குறதுதாம்மா. வேணும்னு பண்றதில்ல. பகல்ல நல்லாத் தண்ணி குடிக்கட்டும், பொழுது சாஞ்சா டீ காப்பி வேண்டாம், படுக்கறதுக்கு முன்ன ஒருதரம் வெளிய கூட்டிட்டுப் போங்க. நனைச்சாத் திட்டாதீங்க. நனைக்காத அன்னிக்குக் காலண்டர்ல அவளையே ஒரு பூ வரையச் சொல்லுங்க. முக்கியமா, ஊருக்குள்ள யாருகிட்டயும் சொல்லாதீங்க."

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மறித்துக் கேட்டுத் தெரிந்துகொண்ட கஸ்பாருக்கு இந்த வைத்தியம் பிடிக்கவில்லை. "ஊசி இல்ல, மாத்திரை இல்ல, பேசி அனுப்பிட்டாங்களா? இவங்கல்லாம் எதுக்குப் படிச்சாங்க?" என்றார்.

வேளாங்கண்ணிக்கு அந்த வருஷம் புதுநன்மை. முதல் முதலாக நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகள் மூன்று நாள் கன்னியர் மடத்தில் தங்கித் தியானம் செய்ய வேண்டும். வெள்ளைக் கவுன் தைத்து டிரங்குப் பெட்டியில் இருந்தது. கூட்டாளிப் பெண்களோடு மடத்தில் வரிசையாகப் படுப்பதைப் பற்றித்தான் அவளுக்குப் பகலெல்லாம் பேச்சு. அந்த மூன்று இரவுகளை நினைத்துத்தான் பகலெல்லாம் பயமும். ஞானமேரி தயங்கித் தயங்கி மடத்துத் தெரசா சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கா இந்தக் கலக்கம்? வருசா வருசம் ரெண்டு மூணு பேரு வர்றாங்க. கதவோரமாப் படுக்க வெச்சு, அடியில ரப்பர் ஷீட் போட்டுருவேன். மத்த புள்ளைங்க முழிக்கறதுக்குள்ள நானே மாத்திருவேன். அனுப்புங்க" என்றார் சிஸ்டர்.

அம்மா, டாக்டரம்மா, சிஸ்டர் என்று மூன்று பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். காலண்டரில் பூ பூக்கத் தொடங்கியது. வாரத்துக்கு இரண்டு, பிறகு நாலு, பிறகு தொடர்ந்து ஒன்பது. ஒன்பதாவது பூவுக்கு வேளாங்கண்ணி இலையும் வரைந்தாள். தியானத்துக்கு இன்னும் ஐந்து நாள்.

வேலியில் பாய் தொங்காததைக் கஸ்பாரும் கவனித்தார். வேறு ஒருவராக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இவருக்கோ தம் கை படாமலே ஒரு நோய் குணமாகிறதே என்று தாங்கவில்லை. குறுக்கே விழுந்து ஏதாவது செய்தாக வேண்டும். நல்ல மனசோடுதான் செய்தார். அதை நான் மறுக்கமாட்டேன். இந்த இனத்தின் மனசு எப்போதும் நல்ல மனசுதான், கெடுவதெல்லாம் மற்றவர்கள் மானம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒரு கருத்து எழுதிக் கொடுத்தார். யாருக்காக, எதற்காக இந்தப் பூசை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் அதைச் சபையில் வாசிப்பார். 'ஒரு குழந்தையின் உடல்நலத்துக்காக' என்று எழுதினால் ஆண்டவருக்குப் புரியாதா? கஸ்பாருக்கு அதில் நம்பிக்கை இல்லை. விலாசம் சரியாக இருந்தால்தான் காரியம் நடக்கும் என்பது அவர் எண்ணம். உபதேசியார் அல்போன்ஸோ எழுத்துக் கூட்டாமல் வாசிப்பதே தம் கடமை என்று இருப்பவர். எதை வாசிக்கிறோம் என்று அவர் யோசித்ததே கிடையாது. கல்யாண ஓலையையும் கல்லறைத் திருநாள் அறிவிப்பையும் ஒரே குரலில் படிப்பவர், இதையும் அதே குரலில் மைக்கில் படித்தார்.

"செபாஸ்டின் ஞானமேரி இவர்களின் மகள் வேளாங்கண்ணிக்கு, எட்டு வயதாகியும் நீங்காத, தூக்கத்தில் பாயை நனைக்கும் நோய் நீங்க வேண்டி, நலம் விரும்பும் கஸ்பார் குடும்பத்தார் ஒப்புக்கொடுக்கும் பூசை."

முன்வரிசையில் புதுநன்மைப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் களுக்கென்றாள். அடுத்தவள் வாயைப் பொத்தினாள். பிறகு வரிசையே குலுங்கியது. வேளாங்கண்ணி பீடத்தைப் பார்க்கவில்லை, கஸ்பாரையும் பார்க்கவில்லை. திரும்பிப் பெண்கள் பக்கத்தில் தன் அம்மாவைத் தேடிப் பார்த்தாள். அம்மாதான் சொல்லிவிட்டாள் என்று நினைத்துவிட்டாள்.

பூசை முடிந்ததும் கஸ்பார் வாசலில் நின்றார். எதற்கு? நன்றி வாங்குவதற்கு.

"கேட்டியாம்மா? பேரெல்லாம் சரியாப் படிச்சாரில்ல?"

"அண்ணா, இனிமே எம்புள்ள பேரு உங்க வாயில வரக்கூடாது" என்றாள் ஞானமேரி.

"நல்லது செஞ்சா இதான் மருவாதி" என்று கஸ்பார் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பக்கத்திலிருந்தவர் ஆமாம் என்றார்.

அன்று ராத்திரியே பாய் நனைந்தது. அவள் மடத்துக்குப் போகவில்லை. சிஸ்டர் வீடு வரைக்கும் வந்து கூப்பிட்டும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றுவிட்டாள். அடுத்த வருஷம் கவுன் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது, கீழே துணி ஒட்டுப் போட்டுத்தான் புதுநன்மை வாங்கினாள். அதற்குள் அந்தப் பழக்கம், டாக்டரம்மா சொன்னபடியே, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டிருந்தது. அது தன் பூசையால் போனது என்று கஸ்பார் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எப்படிப்பட்ட நோய், யாருக்கு இருந்தது என்பதையும் சேர்த்துத்தான்.

கஸ்பாரைத் திட்டத் தோன்றுகிறதா? திட்டுங்கள். ஆனால் கதை கேட்கிற சாக்கில் அந்தப் பெண்ணின் பேர், அப்பா அம்மா பேர், வீடு இருக்கும் ரோடு எல்லாம் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டீர்கள். நானும் நீங்கள் கேட்காமலே கொடுத்தேன். என் யோக்கியதை தெரிந்துபோயிற்று. உங்களுடையது? இதைப் படிக்கும்போதே உங்கள் தெருவில் இருக்கும் ஒரு குழந்தையின் முகம் ஞாபகத்துக்கு வந்ததே, இப்போது பக்கத்தில் இருப்பவரிடம் வாயைத் திறக்கப் போகிறீர்களே, என்ன சொல்வதற்கு?